காப்புக் கயிற்றின் வாசம்

ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலை ஒன்றில் மேல்தோலோடு உள்தோலை ஒட்டுவது கார்முகிலனின் வேலை. அவன் ஒட்டியது பிரிந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. குடியும் அவனை அப்படித்தான் பற்றியிருந்தது. மாலை மணி அடித்ததும் விரல்களில் படிந்த சொலுஷன் பசையைத் தின்னரில் நனைத்த துணியால் துடைப்பான்; கை காயுமுன் மதுக்கடை வாசலில் நிற்பான்.

குடியை நிறுத்த மருத்துவமனையில் சேர்ந்து மீண்டதும் பேக்கிங் பிரிவுக்கு மாறினான். மனைவி யோகலட்சுமி அம்மன் சந்நிதியில் வேண்டிக்கொண்டு அவன் வலக்கை மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு கட்டினாள். ஆசை தலையெடுக்கும்போதெல்லாம் அக்கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொள்வான், அடங்கிவிடும். ஆனால் சோறு ருசிக்கவில்லை. மகள் பூங்குழலியின் சிரிப்பும் நெஞ்சில் இறங்கவில்லை.

"மூளையில டோபமின்னு ஒண்ணு சுரக்கும், சந்தோசத்துக்கு அது வேணும்," என்றார் மருத்துவமனை ஆலோசகர் இருதயராஜ். "சரக்கு ஊத்தி ஊத்தி நீ அத ஜாஸ்தியாப் பொங்க வச்ச. மூளை பார்த்துச்சு, தன் பங்கக் கம்மி பண்ணிக்கிச்சு. பழையபடி ஆவ நாளாவும். பேஜாராத்தான் இருக்கும், பொறுத்துக்கோ."

பொறுத்தான். ஓராண்டு சென்று ஒரு பகலில் மிளகு ரசம் நாவில் உறைத்தபோது, இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தான்.

அப்போதுதான் அவசர ஆர்டர் ஒன்று வந்தது. "தோஸ்த், உன் கை இல்லாம லைன் நவுற மாட்டேங்குது. கொஞ்ச நாள் வந்துட்டுப் போ," என்றார் சூப்பர்வைசர் ரஷீத் அஹமது. கார்முகிலன் பழைய மேசைக்குத் திரும்பினான்.

அன்று மாலை கை துடைத்த கணமே வாய் ஊறியது. ஐம்புலன்களை மதயானை என்று முன்னோர் சொன்னது வீணன்று. கயிற்றைக் கண்ணில் ஒற்றினான்; ஆசை அடங்கவில்லை, கொதித்தது. ஒற்ற ஒற்றக் கால்கள் கடைப்பக்கமே இழுத்தன.

"இன்னாடா, அம்மன் லீவு குடுத்துட்டாளா?" என்று கடை வாசலில் நின்ற பழைய குடிக்கூட்டாளி பாண்டியன் சிரித்தான். "வா, ஒரு கட்டிங் போடு."

கார்முகிலன் ஷேர் ஆட்டோவில் பாய்ந்து ஏறி வீடு சேர்ந்தான்.

"அம்மன் என்னக் கைவிட்டுட்டா லட்சுமி. கயித்தத் தொட்டா ஆச ஜாஸ்தியாவுது."

யோகலட்சுமி அவன் கையை இழுத்துத் தன் கண்ணில் ஒற்றப்போனவள் முகம் சுளித்தாள். "ஐயே! கயிறு பூரா தின்னர் நாத்தம்ங்க!"

உடனே இருதயராஜுக்குப் போன் செய்தாள். "வாசன நேரா ஞாபகத்தப் போய்த் தட்டும்மா," என்றார் அவர். "அந்த நாத்தத்தையும் சரக்கையும் அவர் மூளை ஒண்ணா ஒட்டி வச்சிருக்கு. குடிய உட்டு எத்தினி வருசம் ஆனாலும் அந்த ஒட்டு லேசுல பிரியாது. கயித்தக் கழட்டிடுங்க."

"கழட்டினா வேண்டுதல் முறிஞ்சிடாதா சார்?"

"அத உங்க அம்மனத்தான் கேக்கணும். நான் ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறவன்."

யோகலட்சுமி அவனை வீட்டு அம்மன் படத்தின்முன் நிறுத்தி, முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை அம்மன் காலடியில் வைத்தாள். "அவ கயிறு, அவகிட்டயே இருக்கட்டும். காவல் அவ வேல. மேசைய மாத்திக்கிறது உங்க வேல."

மறுநாள் ரஷீதிடம், "பாய், அந்த மேசையில உக்காந்தா நான் மறுபடி குடிச்சிடுவேன்," என்று ஒளிக்காமல் சொன்னான். "லைன் நின்னா மேனேஜர்கிட்ட உன்னத்தான் காட்டுவேன்," என்று முணுமுணுத்தபடியே அவர் பேக்கிங்கிற்கு அனுப்பினார்.

ஆசை இன்னும் வரத்தான் செய்கிறது. வந்தால், பழக்கத்தில் வெறும் மணிக்கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். அதில் காலையில் குளித்த சோப்பின் வாசம் மட்டுமே இருக்கிறது.