வாழை நரம்பில் அளந்த ரயில்

நாற்பத்தாறு வயதில் எனக்கு ஓர் ஆசை வந்தது. அந்த வயதில் ஆண்களுக்கு வருகிற வழக்கமான ஆசைகளில் ஒன்றாக இருந்திருந்தால் நாலு பேர் கூப்பிட்டுப் புத்தியாவது சொல்லியிருப்பார்கள். எனக்கு வந்தது ஒரு பொம்மை ரயிலின் கார்டு வண்டி மேல். நாலு விரல் நீளம்தான் இருக்கும். பச்சை வர்ணம், பின்பக்கம் குட்டி வராந்தா, அதில் கடுகளவு சிவப்பு விளக்கு. பிள்ளைகளுக்காக என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. என் பிள்ளைகள் மீசை வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள்.

தென்காசியில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு சாரல் சமயத்தில், மெட்ராஸ்காரர் ஒருவர் குற்றாலத்தில் பங்களா பிடித்துக் குடும்பத்தோடு தங்கியிருந்தார். இலஞ்சிப் பக்கம் ஒரு தோப்பு வாங்கினார். பத்திர நகலோடு போனவனைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். கூடத்துக்குள் நுழைந்தேன். தரை முழுக்கத் தண்டவாளம். சாவி கொடுத்தால் ஓடும் சீமை எஞ்சின் ஒன்று மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு நாற்காலிக் கால்களைச் சுற்றி வந்தது. மழையில் வெளியே போக முடியாத நாட்களுக்காக வருஷா வருஷம் கொண்டுவருவாராம். கடைசிப் பெட்டிதான் அந்தக் கார்டு வண்டி.

நான் குந்தி உட்கார்ந்துவிட்டேன். அவர் சிரித்தார்.

"பிடிச்சிருக்கா சார்? ஒண்ணு செய்யுங்க. உங்க கையால ஒரு பெட்டி செஞ்சு என் தண்டவாளத்துல ஒரே ஒரு சுத்து விழாம ஓட்டிக் காட்டுங்க. இந்தக் கார்டு வண்டி உங்களுக்குத்தான். ஆடி கடைசியில ஊருக்குக் கிளம்புறோம், அதுக்குள்ள."

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நானும் விளையாட்டுக்குச் சிரித்தேன். கண் மட்டும் தண்டவாளத்தை விட்டு நகரவில்லை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? கேட்டால் இந்த ஆள் நிஜமாகவே செய்யப் போகிறான் என்று தெரிந்துவிடும். ஒரு ஸ்கேல் கேட்க வெட்கப்பட்டேன். சாப்பிட்ட வாழை இலையின் நடு நரம்பில் ஒரு துண்டு கிள்ளினேன். எல்லாரும் கை கழுவப் போன நேரத்தில் கூடத்துக்குள் நழுவி, தண்டவாளத்துக்கு இடையே வைத்து, நகத்தால் நறுக்கிச் சரியாகப் பொருத்தினேன். இலைக் கிழிசலில் வெற்றிலைச் சுருள் போலச் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஊரார் நிலத்துக்கெல்லாம் நான்கு எல்லையும் பிசகாமல் எழுதுகிறவன். அன்றைக்கு அந்தத் துண்டை எடுத்துவந்த பெருமையில் எனக்கு பஸ்ஸில் உட்காரக்கூட முடியவில்லை.

எட்டு நாள் கழித்துத்தான் நகை ஆசாரியிடம் போனேன். அதுவரை அந்தத் துண்டைப் பெட்டிக்குள் பூட்டிவைத்திருந்தேன். அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, யாருக்கு மோதிரம்? பூனைக்கா?"

"மோதிரம் இல்லவே. பித்தளையில ரயில் சக்கரம். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இந்த அளவு இருக்கணும். மயிரிழை பிசகக்கூடாது."

"ரயில் எந்த ஊருக்குப் போவுது?"

"குத்தாலத்துக்கு."

"அங்கனயெல்லாம் தண்டவாளம் கெடையாதே!"

"நீரு சக்கரத்தச் செய்யும். தண்டவாளம் எம்பொறுப்பு."

ஆசாரி மயிரிழை பிசகவில்லை. அதுதான் என் விதி.

மிச்சத்தை நானே செய்தேன். தேயிலைப் பெட்டியின் பலகையை அறுத்து உடம்பு, பவுடர் டப்பாத் தகரத்தை வளைத்துக் கூரை, என் மனைவியின் ரவிக்கைப் பட்டன்களை அறுத்து, பெட்டிகள் முட்டிக்கொள்ளும் முனைகளில் முட்டுத்தாங்கி. மூன்று பெட்டிகள். ஒன்று மூன்றாம் வகுப்பு, ஒன்று சரக்கு, ஒன்று மாடு ஏற்றுவது. இரண்டு பழைய குடைகளைப் பிரித்து, கம்பிகளைப் பலகையில் அதே நரம்புத் துண்டின் அளவில் பதித்துத் தண்டவாளம் போட்டேன். விரலால் தள்ளினால் மூன்றும் வழுக்கிக்கொண்டு ஓடின. ஒரு வாரம் ஓட்டினேன். ஒரு தடவைகூட விழவில்லை. கார்டு வண்டிக்கு அலமாரியில் இடம்கூட ஒழித்துவிட்டேன்.

ஆடி கடைசி ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து மூன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். பங்களாவில் பாதி சாமான் கட்டியாகிவிட்டது. எனக்காக அவர் தண்டவாளத்தை மறுபடி பிரித்துப் போட்டார். வீட்டார் எல்லாரும் சுற்றி நின்றார்கள். மூன்றாம் வகுப்பை எடுத்து வைத்தேன். இடப்பக்கச் சக்கரங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தன. வலப்பக்கச் சக்கரங்கள் பொத்தென்று உள்ளே விழுந்தன.

மாற்றி வைத்தேன். இப்போது இடப்பக்கம் விழுந்தது. சரக்கு வண்டியை வைத்தேன். மாட்டு வண்டியை வைத்தேன். மூன்றும் ஒன்றுபோல, ஒழுங்காக விழுந்தன. சாரல் காற்று ஜன்னல் வழியாக அடிக்கிறது. எனக்கு முதுகெல்லாம் வேர்வை. காதுக்குள் குற்றாலத்து அருவி விழுந்தது. "தண்டவாளம் ஈரத்துல ஊதியிருக்குமோ?" என்று கேட்டேன். இரும்பு ஊதுமா என்று கேட்க அங்கே யாருக்கும் மனம் வரவில்லை.

அவர் குனிந்து பார்த்தார். "வேலை பிரமாதம் சார். அகலம்தான் கொஞ்சம் குறைச்சல். எதை வெச்சு அளந்தீங்க?"

"வாழையெல நரம்பு."

"பச்சையாவா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எட்டு நாள் பூட்டிவைத்ததில் அது உலர்ந்து சுருங்கியிருக்கிறது. சுருங்கின அளவுக்கு ஆசாரி சக்கரம் செய்தார், சுருங்கின அளவுக்கு நான் தண்டவாளம் போட்டேன். உலகத்திலேயே என் வீட்டுப் பலகையில் மட்டும் ஓடக்கூடிய ஒரு நாரோ கேஜை நான் கண்டுபிடித்திருந்தேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன். அழுகை வருகிற இடத்தில் எனக்கு அப்படித்தான் வரும். அந்த மனிதருக்கு என் முகத்தில் என்ன தெரிந்ததோ, சட்டென்று கார்டு வண்டியை எடுத்து நீட்டினார்.

"பரவாயில்ல சார். இவ்வளவு பாடுபட்டிருக்கீங்க. வெச்சுக்குங்க."

எங்கள் பக்கத்தில் யாராவது ஒன்றை நீட்டினால் முதல் தடவை வேண்டாம் என்பதுதான் மரியாதை. இரண்டாம் தடவை நீட்டினால் கொஞ்சம் மெதுவாக வேண்டாம் என்போம். மூன்றாம் தடவை, "இம்புட்டு சொல்லுதியளே" என்று வாங்கிக்கொள்வோம். காப்பித் தம்ளருக்கே இந்தக் கணக்கு உண்டு. என் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. வெறும் வேண்டாமோடு நிறுத்தியிருந்தாலாவது இன்னொரு தடவை நீட்டியிருப்பாரோ என்னவோ. அதோடு ஒரு கேலியும் சேர்ந்து வந்தது.

"ஐயோ, வேண்டாங்க ஐயா. உங்க வண்டி எங்க லைன்ல ஓடாது. அகலம் ஜாஸ்தி!"

"அட, சரியான ஆளு சார் நீங்க!" என்று அவர் என் தோளில் தட்டினார். கார்டு வண்டியைப் பஞ்சில் சுற்றினார். பெட்டிக்குள் வைத்தார். மூடினார்.

நான் காத்திருந்தேன். என் பெட்டிகளை ஒவ்வொன்றாக, மிக மிக மெதுவாக டப்பாவில் அடுக்கினேன். மழையைப் பற்றிப் பேசினேன். தோப்புக்கு வேலி போடுவதைப் பற்றிப் பேசினேன். காப்பி வந்தது, முதல் தடவையிலேயே வாங்கிக் குடித்தேன். அவர் கேட்கவில்லை. கண்ணாடிக் கூட்டை வேண்டுமென்றே ஜன்னலோரம் விட்டுவிட்டு வெளியே வந்தேன். எடுக்கத் திரும்பிப் போனால் இன்னொரு தடவை கேட்பாரே. வாசலைத் தாண்டுவதற்குள் சமையற்காரர் நனைந்துகொண்டே ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, கண்ணாடிக்கூட்ட விட்டுட்டியளே! நல்லவேளை, நான் பாத்தேன்."

அந்த நல்ல மனிதரை நான் மனதுக்குள் வைத வசவை இங்கே எழுத முடியாது.

வீட்டில் மனைவி டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "குடுத்தாவளா?"

"குடுத்தாரு. வேண்டாம்னுட்டேன்."

"ரெண்டாந்தரம் கேக்கலையா?"

"கேக்கல."

டப்பாவை வாங்கி ஓரமாக வைத்தாள். "மெட்ராஸ்காரவுகல்லா. கேக்க மாட்டாவ" என்று சொல்லிவிட்டு இலை போட்டாள்.

சோறு எனக்கு இறங்கவில்லை. ஆனால் அவள் அகப்பையோடு வந்து "இன்னுங் கொஞ்சம்?" என்றபோது, போதும் என்று சொல்லப் பயமாக இருந்தது. போட்டதையெல்லாம் தின்றேன்.