கணுக்காலுக்கு எந்த பூட்ஸ்

குறுவை அறுவடை சமயத்தில் திருத்துறைப்பூண்டி சாலையின் பாதி அகலத்தில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். கால்நடை மருத்துவரான நான் தினமும் அந்த வழியாகத்தான் பைக்கில் போவேன். அன்று எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கினேன். முன்சக்கரம் நெல்லில் ஏறி வழுக்க, வண்டி என் இடது கால் மேல் சாய்ந்தது. நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண் ஓடிவந்து வண்டியைத் தூக்கினாள்.

"காலை அசைக்காதீங்க, டாக்டரம்மா."

கணுக்காலில் எலும்பு விரிசல்.

மாவுக்கட்டைப் பிரித்ததும் கணவர், "ஸ்கூட்டர் வாங்கிக்கயேன்" என்றார்.

"சேத்துல அது எங்கங்க போகும்? பூட்ஸ் வாங்கிக்கிறேன்."

தஞ்சாவூர் கடைக்காரர் மூன்று ஜோடி எடுத்துவைத்தார். முதலாவதில் விரல்களுக்கு மேல் இரும்புத் தகடு. எனக்கு அடிபட்டது விரலில் இல்லையே. இரண்டாவது முழங்கால் வரை வந்தது. அதோடு வெளியே போய் என் வண்டியில் உட்கார்ந்து பார்த்தேன். கியர் காலுக்குத் தட்டுப்படவே இல்லை. மூன்றாவது மெத்தென்று இருந்தது. கையால் முறுக்கினால் துணி மாதிரி முறுக்கிக்கொண்டது. அப்புறம் அது எதைக் காப்பாற்றும்?

"லேடீஸ் சைஸ் இல்லீங்களா?"

"ஆம்பளைங்க சைஸ்தான் மேடம். ரெண்டு சாக்ஸ் போட்டுக்குங்க."

கூட வந்திருந்த கணவர் இரண்டாவதுதான் சரி என்றார். கடைக்காரர் மூன்றாவதைப் புகழ்ந்தார். எனக்கோ பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடியது. கடைசியில், நான் கேட்காமலேயே கடைக்காரர் உள்ளேயிருந்து நாலாவது ஜோடி ஒன்றைக் கொண்டுவந்தார். கணுக்காலின் இரண்டு பக்கமும் கெட்டியான வட்டத் தட்டு, பக்கவாட்டில் ஜிப். அதை வாங்கிவிட்டேன். யோசித்து வாங்கினேனா, அலுத்துப்போய் வாங்கினேனா என்று இன்றும் தெரியவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்க்கப் போன இடத்தில் கொட்டகைக்கு வயலைக் கடந்துதான் போகவேண்டும். பூட்ஸை வரப்பில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினேன். கன்று நல்லபடியாகப் பிறந்தது. காலைக் கழுவிக்கொண்டு பூட்ஸை மாட்டித் திரும்பும்போது வாய்க்கால் கரைச் சேற்றில் வண்டி மறுபடியும் சரிந்து, அதே கால்மேல் விழுந்தது. மெல்லத்தான் போய்க்கொண்டிருந்தேன். எழுந்து பார்த்தால் பூட்ஸின் பக்கவாட்டில் நீளமான கீறல், காலில் ஒன்றுமில்லை.

"பாத்தியா, பூட்ஸ் காப்பாத்திடுச்சு" என்றார் கணவர்.

பூட்ஸா, மெத்தென்ற சேறா, மெதுவாகப் போனதா? என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

போன வாரம் பட்டுக்கோட்டையிலிருந்து கூட வேலை பார்ப்பவர் ஒருவர், தனக்கும் பைக்குக்கு பூட்ஸ் வேண்டும் என்று போன் செய்தார். தெரிந்ததையெல்லாம் அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க மேடம், எதை வாங்கட்டும்?" என்றார்.

"கணுக்கால் எலும்பை மூடுதான்னு பாருங்க. மத்தது எனக்கும் புரியலை" என்றேன்.