இருபத்து நான்காவது படம்

ஓடுகிறவர்களைப் படம் எடுக்கும் நம் தொழிலில், கிடைத்ததைவிடத் தவறவிட்டதன் கணக்கே அதிகம் என்பது உங்களுக்கும் தெரியும். ஆஸ்டின் டவுன் மைதானத்தில் ஆறு வருடமாகக் கால்பந்து எடுக்கிறேன். என் மகள் கவிதாவும் அங்கேதான் ஆடினாள். அவள் எகிறித் தலையால் முட்டும்போது, இரண்டு காலும் தரையில் படாத ஒரு படம் வேண்டும், ஆசை அவ்வளவுதான். எனக்காக ஒரு தடவை குதி என்று கேட்கக் கூச்சம்.

பந்து எங்கே?

அதற்கு முன் கடையில் பாஸ்போர்ட் படமும் வெளியே கல்யாணமும்தான். கல்யாணத்தில் ஆள் நிற்பார். ஒரு அழுத்து, ஒரு படம். அதே பழக்கத்தில் முதல் ஆட்டத்தில் அறுபத்தொரு படம் எடுத்தேன். நான்கில்தான் பந்து இருந்தது. கவிதா இருந்த ஒன்பதிலும் அவள் குதித்து முடித்துத் தரைக்கு வந்திருந்தாள். பயிற்சியாளர் பாஸ்கர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன சார், எல்லாரும் சாவியத் தொலைச்சிட்டுத் தேடுற மாதிரி இருக்கு?"

ஐந்தோடு நிறுத்தம்

பொத்தானை அழுத்திப் பிடித்தால் நொடிக்கு எட்டுப் படம் விழும் என்பதைக் கவிதாதான் மெனுவைப் படித்துச் சொன்னாள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். "அதிக நேரம் புடிக்காதப்பா, உள்ள ஃபுல் ஆயிட்டா நின்னுடும்" என்றும் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு ஆண்கள் ஆட்டத்தில் கோல்கீப்பர் இம்ரான் பாய்ந்ததில் எட்டும் விழுந்தன. முதல் ஐந்தில் பருந்து மாதிரிப் பறக்கிறான், விரல் பந்தைத் தொடப் போகிறது. ஆறில் பந்து தாண்டுகிறது. எட்டில் வலைக்குள். வரிசை மாறாமல் அவனிடம் காட்டினேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதருகே வந்தான்: "அஞ்சோட நிறுத்திடுங்க சார், வூட்ல காட்டணும்."

கடைசி ஆட்டம்

கவிதாவுக்கு வெளியூர் அணி ஒன்றில் சம்பளத்தோடு இடம் கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு இங்கே அவளுக்குக் கடைசி ஆட்டம். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது கார்னர். விட்டுவிடக் கூடாதே என்ற பதற்றத்தில், பந்தை உதைக்கும் முன்பே அழுத்திவிட்டேன். விரலை எடுக்கவும் இல்லை. இருபத்து நான்கில் கேமரா நின்றது. சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கியது. அவள் எல்லார் தலைக்கும் மேலே எழும்பினாள், முட்டினாள், கோல். கேமரா மறுபடி வேலை செய்தபோது மற்ற பெண்கள் அவள்மேல் விழுந்து கிடந்தார்கள்.

புதனன்று பெட்டி அடுக்கிக்கொண்டே அத்தனையையும் பார்த்தாள். கடைசிப் படத்தில் முழங்கால் மடிந்திருக்கிறது, கண் பந்தின் மேல், கால் இரண்டும் மண்ணில். அவள் சிரித்தாள்: "இருபத்திநாலுலயும் நின்னுட்டே இருக்கேனேப்பா! கோல் போட்டது யாருன்னு கேட்டா என்ன சொல்றது?"

அவள் போய் எட்டு மாதம் பதினோரு நாள் ஆகிறது. அந்த இருபத்து நான்காவது படத்தைத்தான் பெரிதாகப் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன், அதில் அவள் இன்னும் கிளம்பவில்லை.