விதிவிலக்கு எதுவும் இல்லை

டிக்கெட் அண்ணனின் உண்மைப் பெயர் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் சட்டென்று வாயில் வராது. சம்பளச் சீட்டில் இருக்கும். மற்றபடி மேனேஜர் முதல் கூட்டிப் பெருக்குகிற அம்மா வரை எல்லோருக்கும் அவர் டிக்கெட் அண்ணன்தான். நான் வரவேற்பில் உட்கார்ந்து போன் எடுப்பவள். பதினோரு வருஷமாக அவருக்கு எதிர் மேசை. அவர் தும்மப் போகிறார் என்பது அவருக்கு முன்னால் எனக்குத் தெரியும். அதனால் அவரைப் பற்றி எழுத எனக்குத்தான் தகுதி என்று உட்கார்ந்திருக்கிறேன். படித்து முடித்ததும், "நீயும் அங்கேதானே இருந்தே" என்று கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள்.

எங்கள் கம்பெனி பொட்டலம் கட்டும் இயந்திரங்களை விற்கிறது. விற்ற இயந்திரம் எங்காவது ஒரு தொழிற்சாலையில் மக்கர் பண்ணும். உடனே இங்கிருந்து ஒரு மெக்கானிக் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மொத்தம் நாற்பத்திரண்டு மெக்கானிக்குகள். எந்த நேரமும் பாதிப் பேர் ரயிலிலோ பஸ்ஸிலோதான் இருப்பார்கள். அவர்களை அனுப்புவது, போன இடத்தில் தங்கவைப்பது, திரும்ப வரவழைப்பது எல்லாம் டிக்கெட் அண்ணன் வேலை. மேசையில் இரண்டு போன், ஒரு பழைய கணினி, நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று.

அந்த நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். 'பின் சீட் ஆகாது, வாந்தி.' 'சர்க்கரை உண்டு, நடுவில் நின்று போகிற வண்டியாகப் பார்.' 'இவரையும் வெல்டரையும் ஒரே அறையில் போடாதே, இவர் குறட்டை, அவர் கோபக்காரர்.' 'மகளுக்குப் பரீட்சை, இந்த மாதம் தூரத்து ஊர் வேண்டாம்.' இப்படிப் பக்கம் பக்கமாகப் போகும். இதையெல்லாம் யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. போன் பேசும்போது காதில் விழுவதை வைத்து அவரே எழுதிக்கொண்டது.

அதற்காக அவரை வாரி இறைக்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சர்களுக்கெல்லாம் கஞ்சர். எந்தக் கிழமையில் கட்டணம் இறங்கும், எந்த விடுதிக்காரர் மூன்றாவது ராத்திரிக்கு வாடகையைக் குறைப்பார், எந்த ஊருக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கினால் மலிவு, எல்லாம் அவருக்கு விரல் நுனியில். பத்துப் பேரிடம் இறுக்கிப் பிடிப்பார். மிச்சம் பிடித்ததில் ஒருவருக்கு மட்டும் கொஞ்சம் தாராளம் காட்டுவார். அந்த ஒருவர் பெரும்பாலும் நோட்டின் முதல் பக்கத்து ஆள். அவருடைய மச்சினன்.

மனைவியின் தம்பி. இவர்தான் சொல்லிக் கம்பெனியில் சேர்த்துவிட்டவர். கைவேலையில் கெட்டிக்காரன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அக்கா, எங்க மாமா இன்னைக்காவது சிரிச்சாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவான். நாலு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்தது. நாலு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் உட்காரவே கூடாது, நீண்ட பயணம் என்றால் படுத்துத்தான் போக வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கம்பெனிக்கு அவன் சொன்னது, சின்ன ஆபரேஷன், சரியாகிவிட்டது என்று. ஊர் ஊராகப் போக முடியாத மெக்கானிக்கை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? அவனுக்குச் சின்னச் சின்னதாக இரண்டு பெண் குழந்தைகள். விஷயம் தெரிந்தவர்கள் அலுவலகத்தில் மூன்றே பேர்: அவன், டிக்கெட் அண்ணன், நான். நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: 'கீழ் பெர்த் மட்டும். இல்லையென்றால் அனுப்பாதே.'

போன வருஷம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பயணச் செலவு எல்லை மீறுகிறது, இனி எல்லாம் மென்பொருள் வழியாகத்தான். ஆளே தன் போனில் பதிவு செய்துகொள்ளலாம், விதிக்கு உட்பட்டால் பச்சை, மீறினால் சிவப்பு. வருவதற்கு முன்பே எங்கள் ஆட்கள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: மருமகள். வந்த கையோடு சமையலறைச் சாவியை வாங்கிக்கொள்ளப் போகிறாள் என்று அர்த்தம். டிக்கெட் அண்ணனும் சிரித்தார். எனக்கு என்னவோ அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

மென்பொருளுக்கான விதிகளை எழுதிக்கொள்ள ஒரு பெண் வந்தாள். மடிக்கணினியோடு மூன்று நாள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நல்ல பெண். கேள்வி கேட்கும்போது கணினியை மூடிவைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக் கேட்பாள். இருபத்திரண்டு வருஷமாக அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. மனிதர் குளிர்ந்துபோய்விட்டார். எத்தனை நாள் முன்னால் எடுக்க வேண்டும், எந்தத் தூரத்துக்கு எந்த வண்டி, போக வர சேர்த்து எடுத்தால் எவ்வளவு மிச்சம், எல்லாவற்றையும் கொட்டினார். விரல் நுனியில் இருந்ததெல்லாம் அவள் கணினிக்குள் போய்விட்டது. நோட்டு மட்டும் இழுப்பறைக்குள் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் கேட்டாள்.

"சார், கடைசியா ஒண்ணு. விதிவிலக்கு ஏதாவது இருக்கா? உடம்பு முடியாதவங்க, வயசானவங்க, அப்படி?"

டிக்கெட் அண்ணன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"அப்படி ஒண்ணும் இல்லம்மா."

"இல்லன்னா பொதுவா ஒரு டிக் போட்டுடலாம் சார். யார் வேணும்னாலும் காரணம் சொல்லாம கீழ் பெர்த் எடுத்துக்கலாம்னு. பெருசா செலவு ஆகாது. இப்பவே போட்டுட்டா மேல ஒப்புதல்கூட வேண்டாம்."

"வேண்டாம்மா. விதின்னா விதியா இருக்கட்டும். அவசரம்னா எனக்கு போன் பண்ணுவாங்க, நான் பார்த்துக்கறேன்."

அவள் 'விதிவிலக்கு எதுவும் இல்லை' என்று தட்டி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் லிஃப்டில் இறங்கியதும் அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டுட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்றார். நோட்டு இருக்கிற இழுப்பறையைத் தட்டிக் காட்டினார். நானும் சிரித்தேன். பலே கைகாரர் என்று உண்மையிலேயே நினைத்தேன்.

முதல் ஒரு மாதம் அவர் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. போன் ஓயவே இல்லை. "அண்ணே, மருமக சிவப்பு காட்டுறா" என்று இவன், "பின் சீட் போட்டுட்டா அண்ணே" என்று அவன். மருமகளுக்குள் அவருடைய நுழைவுக்கு, அதாவது லாகினுக்கு, மட்டும் சிவப்பைப் பச்சையாக்கும் அதிகாரம் இருந்தது. ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்தார். மச்சினனுக்குக் கீழ் பெர்த்தும் கிடைத்தது. அந்த மாதம் மனிதர் ஒரு சுற்றுப் பெருத்த மாதிரிகூட இருந்தது.

மாதம் முடிந்ததும் மேனேஜர் மேசைக்கு மருமகளின் அறிக்கை போயிற்று. விதி மீறிய பயணங்கள் எல்லாம் ஒரே ஒரு நுழைவிலிருந்து மாற்றப்பட்டவை என்று அதில் படம் போட்டுக் காட்டியிருந்தது. மேனேஜர் கெட்டவர் இல்லை, கத்தவும் மாட்டார். அவருடைய அறைக்கும் என் மேசைக்கும் நடுவில் வெறும் கண்ணாடித் தடுப்புதான். எல்லாம் கேட்கும்.

"சார், விதிவிலக்கே இல்லன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க? அப்புறம் இதெல்லாம் என்ன?"

அவர் ஏதோ முணுமுணுத்தார். அன்று மாலையே அவருடைய நுழைவை மூடினார்கள். அடுத்த வாரம் மேசையையும் கீழே உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். திருகாணிகளை அளவு பார்த்துப் பிரித்து வைக்கிற வேலை. நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினார். லிஃப்ட் இருக்கிறது, ஆனால் படியில்தான் போனார்.

அதற்குப் பிறகு மச்சினனுக்கு ஒரு தொலைதூர ஊர் விழுந்தது. மருமகள் எடுத்துக் கொடுத்தது பஸ், பதினாலு மணி நேரம், உட்கார்ந்தே போக வேண்டும். டிக்கெட் அண்ணன் சொந்தக் காசில் ரயிலில் படுக்கை எடுத்துக் கொடுத்தார். போய் வந்துவிட்டான். இரண்டாவது தடவையும் அப்படியே. ஆனால் பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுத்த மருமகள், ஆள் அதில் ஏறினானா என்றும் பார்ப்பாள் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. 'பதிவு செய்த பஸ்ஸில் இரண்டு முறை ஏறவில்லை' என்று மேனேஜருக்குத் தகவல் போய், மச்சினன் கைக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்றாவது முறை நடந்தால் விசாரணை.

மூன்றாவது பயணம் இரண்டே வாரத்தில் வந்தது. முந்தின நாள் காலையில் டிக்கெட் அண்ணன் மேலே ஏறி வந்தார். கையில் நோட்டு. மேனேஜர் அறைக்குள் போனார். பாவி மனுஷன், இன்றாவது திறந்து காட்டுவார் என்று நான் போனை எடுக்காமல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒருத்தருக்கு மட்டும் படுக்கை வசதி வேணும் சார்" என்றார்.

"செய்யலாம் சார். விதியை மாத்தணும்னா இப்ப மேலிடத்துக்கு எழுதணும். மருத்துவச் சான்றிதழோட எழுதினா மூணு மாசத்துல வந்துடும். யாருக்கு?"

அவர் நோட்டின் நீல அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"யாருக்கு சார்? ஏன் கேக்கறேன்னா, உட்கார முடியாத அளவுக்கு உடம்பு இருந்தா, அந்த ஆளை இந்த வேலையில வெச்சுக்கலாமான்னு நாங்க பார்க்க வேண்டியிருக்கும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்க தலையிலதான் விழும்."

அவர் எழுந்து வெளியே வந்தார். நோட்டைத் திறக்கவே இல்லை. என் மேசையைத் தாண்டும்போது, "சொன்னா வேலை போயிடும். சொல்லலன்னா முதுகு போயிடும்" என்றார். "பார்த்துப் பண்ணுங்க அண்ணே" என்றேன். என்ன பார்த்து, என்ன பண்ணுவது? வாயில் வந்ததைச் சொன்னேன்.

மச்சினன் பஸ்ஸில் ஏறினான். வண்டி நிற்கும் இடங்களிலெல்லாம் இறங்கி நடந்திருக்கிறான். கடைசி ஆறு மணி நேரம் வண்டி எங்கும் நிற்கவில்லை. ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் இறங்கிவிட்டார்கள், இவனால் எழுந்திருக்க முடியவில்லை. சீட்டிலிருந்து இரண்டு பேர் பிடித்துத்தான் தூக்கி இறக்கினார்களாம். அங்கேயே ஆஸ்பத்திரி, இன்னொரு ஆபரேஷன். இடது காலில் உணர்வு திரும்ப வரவில்லை. இனிமேலும் வராது என்று சொல்லிவிட்டார்கள். டிக்கெட் அண்ணன்தான் போய் வாடகை ஆம்புலன்சில் படுக்கவைத்துக் கூட்டிவந்தார். அந்த வாரம் மருமகள் எல்லோருக்கும் ஒரு தகவல் அனுப்பினாள்: பயணச் செலவு கால் பங்கு குறைந்திருக்கிறது, ஒத்துழைப்புக்கு நன்றி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போனேன். மச்சினனின் வீடு இரண்டு அறை. முன் அறையில் ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டிருந்தார்கள். பெண் குழந்தைகள் இரண்டும் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தன. அந்தக் காலில் பெரியவள் நோட்டை வைத்து எழுதினாள், அவனுக்கு அது தெரியவில்லை. டிக்கெட் அண்ணன் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். பத்து வயது கூடிப்போன மாதிரி இருந்தார்.

அவருடைய மனைவி எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். தம்பியைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"ஊர்ல இருக்கறவன் முதுகு, வயிறு எல்லாம் அந்த நோட்டுல எழுதி வெச்சீங்களே. அந்தப் பொண்ணு வந்து கேட்டப்போ இவன் ஒருத்தனுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

சின்னவள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். டிக்கெட் அண்ணன் என் பக்கம் திரும்பினார். அந்த டிக்கைப் பற்றி, அவர் கண்ணடித்ததைப் பற்றி, அந்த அறையில் இன்னொருத்திக்கும் தெரியும். நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சினன்தான் பேசினான்.

"விடுக்கா. நாப்பத்திரண்டு பேர் விஷயம். ஞாபகம் வெச்சு சொல்ற அவசரத்துல ஒண்ணு ரெண்டு விட்டுப் போகத்தான் செய்யும். மறந்துட்டாரு, அதுக்கு என்ன பண்றது? என்ன மாமா?"

"ஆமா மாப்ளே" என்றார் டிக்கெட் அண்ணன். "மறந்துட்டேன்."

மச்சினன் கையை நீட்டி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான். என்னைப் பார்த்து, "அக்கா, எங்க மாமாவைக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க. இந்த ஒரு மறதிக்காக இப்படியே உட்கார்ந்திருக்காரு" என்றான். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினேன்.