நெல்லிக்காய்ச் சாற்றில் கரைத்தது

என் மனைவிக்கு நுரையீரலில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கிய அன்றே, தன்னைக் கேட்காமல் ஒரு வைட்டமின் மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எல்லா டாக்டர்களும் சொல்வதுதானே என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதல் முறை ஏற்றிய பிறகு, காதில் கொசு ரீங்காரம் போலக் கேட்கிறது என்றாள். இந்த மருந்து சிலருக்குச் செவியைக் கெடுக்கும், பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். வீட்டில் நாங்கள் இருவர்தான். அவளுக்குக் கேட்காமல் போனால் நான் யாரோடு பேசுவேன் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவளைப் பற்றிய கவலை அதற்குப் பிறகே வந்தது. இதையும் எழுதிவிட வேண்டும்.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன். படித்துப் பார்த்தேன். உட்செவியில் மெல்லிய மயிர் முளைத்த செல்கள் இருக்கின்றன. செத்தால் திரும்ப முளைக்காது. மருந்து அங்கே தங்கி ஆக்சிஜனேற்றத்தைக் கிளப்ப, அதை அடக்க உடம்பு வைத்திருக்கும் கையிருப்பு தீர்ந்துபோகிறது. கையிருப்பை நிரப்பினால் சரியாகிவிடும் என்று என் புத்திக்குப் பட்டது. சளிக்குத் தருகிற, தண்ணீரில் நுரைத்துக் கரையும் மாத்திரை அதற்கு உதவக்கூடும் என்று எங்கோ படித்தேன். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நெல்லிக்காய்ச் சாற்றில் கரைத்துத் தினமும் காலையில் கொடுத்தேன். ஒரு மாதிரி நாறுகிறதே என்பாள். காய் பழசு என்பேன்.

ரீங்காரம் நின்றது. காதுப் பரிசோதனையிலும் பழுதில்லை. எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி சுருங்கவே இல்லை.

சிலருக்கு இந்த மருந்து வேலை செய்யாது என்றார் டாக்டரம்மா. கட்டியைச் சுடுவதிலும் அதே ஆக்சிஜனேற்றத்துக்குப் பங்கு உண்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவி பக்கத்தில் இருக்கும்போதே மாத்திரை விஷயத்தைச் சொல்லி, அதனால்தானா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். மாத்திரை இல்லாமலேயே காது தப்பியிருக்கவும் கூடுமாம். திட்டியிருந்தால் தேவலை. வேறு மருந்து எழுதினார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"எனக்குக் கேக்கணும்னு இவ்ளோ பண்ணியிருக்கீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

காது போய்விடுமே என்று பயந்துவிட்டேன் என்றேன்.

"காது போனா மிஷின் வெச்சிக்கலாம். உசுரு போனா எதை வெப்பீங்க?"



புது மருந்து தொடங்கியாயிற்று. அது வேலை செய்கிறதா என்று இனிமேல்தான் பார்ப்பார்கள். நான் அவளைக் கெடுத்தேனா, காத்தேனா, இரண்டுமே இல்லையா என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகத் தோன்றுகிறது. நேற்று பிரான்ஸிலிருந்து மகள் போனில் விசாரித்தபோது, மனைவி "பழைய மருந்து ஒத்துக்கல, மாத்தியிருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை என்னிடம் நீட்டினாள். என்னை மன்னித்துத்தான் மறைத்தாளா, மீதியை நானே சொல்லட்டும் என்று விட்டாளா, புரியவில்லை. போனை வாங்கிக் காதில் வைத்தேன். மகள் அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.