ஒரு சிட்டிகை மாங்கனீசு

ஒரு பொருளுக்குள் வேறொன்று கொஞ்சூண்டு ஒளிந்திருக்கிறது. எக்ஸ்ரேக்குக்கூட அது தெரியவில்லை. அப்புறம் எப்படி அதைக் கண்டுபிடிப்பது? என் பெரியம்மா மகள் ஒருநாள் என்னிடம் இப்படிக் கேட்டாள்.

வீட்டில் அவள் பெயர் கரிக்கை. ஆராய்ச்சிக்கூடத்தில் மாங்கனீசு ஆக்சைடுக் கரும்பொடியை அரைத்து அரைத்து அவளுடைய நகக்கண் வெளுப்பதே இல்லை. இவ்வளவு படித்தது அரைக்கத்தானா என்று பெரியம்மா குத்திக்காட்டுவாள். "நீ அரைக்கிற மாவு அன்னிக்கே வெந்துடும்மா. என்னது வேகணுமே," என்பாள் இவள்.

இட்ரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடையும் மாங்கனீசு ஆக்சைடையும் சேர்த்து அரைத்து, வில்லையாக அழுத்தி, உலையில் சுடுவாள். அந்தப் படிகத்தில் மாங்கனீசு அணுக்கள் முக்கோணம் முக்கோணமாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்தில் இருப்பதற்கு எதிர்த்திசையில் திரும்பத் துடிக்கும். இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நிற்கலாம். மூன்றாவது யாரைப் பார்த்து முறைக்கும்? கடைசியில் மூன்றும் ஆளுக்கொரு பக்கம் சாய, மொத்தக் காந்தம் ஒன்றுமில்லாமல் போகும். இட்ரியத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டுக் கால்சியம் வைத்தால் இந்த இழுபறி உடைந்து காந்தம் பிறக்கும் என்று அவள் நம்பினாள். ஆய்வுப் பட்டமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

கால்சியம் சேர்த்தும், காந்தத்தைக் காட்டும் வரைபடத்துக் கோடு மாதக்கணக்கில் படுத்தே கிடந்தது. ஒருநாள் வில்லையைக் குளிர்வித்துக்கொண்டே போனபோது, நாற்பத்து மூன்று கெல்வினில், பனிக்கட்டியெல்லாம் கிட்டவே வர முடியாத குளிரில், விறுவிறுவென்று எழுந்தது. எக்ஸ்ரேயும் பொருள் சுத்தம் என்றது. பேராசிரியர் மாநாட்டில் பேசச் சொன்னார். பெரியம்மா தெருவுக்கே சொல்லியாயிற்று.

மாநாடு நெருங்கும் நேரத்தில் பக்கத்து மேசை ஆய்வாளர் தன் வரைபடத்தைக் கொண்டுவந்தார். அவருடையதும் மாங்கனீசு ஆக்சைடுதான், ஆனால் படிக அமைப்பே வேறு. எழுச்சி மட்டும் அதே இடத்தில்.

"என்னங்க, நம்ம ரெண்டு வீட்டுக்கும் ஒரே திருடன் வந்திருக்கான் போல," என்று சிரித்தார்.

கரிக்கை தன் குறிப்பேட்டைப் புரட்டினாள். உரலில் ஒட்டிக்கொள்வதை ஈடுகட்ட ஒரு சிட்டிகை மாங்கனீசு ஆக்சைடைக் கூடுதலாகப் போடுவது அந்தக் கூடத்துப் பழக்கம். கோடு எழுந்த தடவைதான் அவளும் போட்டிருந்தாள்; அவரும் போட்டிருந்தார். படிகத்தில் இடம் கிடைக்காத சிட்டிகை, மூன்று மாங்கனீசுக்கு நான்கு ஆக்சிஜன் என்று தனி ஆக்சைடாகியிருந்தால்? அந்த ஆக்சைடு காந்தமாவது இதே நாற்பத்து மூன்றையொட்டித்தான். கோட்டை எழுப்ப, எக்ஸ்ரேயில் தலைகாட்டாத அளவே போதும்.

சிட்டிகை இல்லாமல் மறுபடி அரைத்தாள், சுட்டாள், அளந்தாள். கோடு பழையபடி படுத்துவிட்டது. மேசையை ஓங்கிக் குத்தினாள், கைதான் வலித்தது.

பேராசிரியர் இரண்டு வரைபடங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "எக்ஸ்ரேலதான் ஒண்ணும் தெரியலையேம்மா. யாரு கேக்கப்போறா?" என்று இழுத்தார்.

"நானே கேட்டுட்டேனே சார்."

மாநாட்டில் அவள் பேசவில்லை. பட்டம் தள்ளிப்போயிற்று. தெருவில் யாராவது விசாரித்தால் பெரியம்மா பேச்சை மாற்றுகிறாள். கரிக்கை யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பொடியை அரைக்கிறாள்.

மாங்கனீசு ஆக்சைடு அரைக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், தயவுசெய்து இதைச் சொல்லுங்கள். நாற்பத்து மூன்றில் கோடு எழுந்தால், ஊருக்குச் சொல்லும் முன் அந்தச் சிட்டிகையை நினைத்துப் பார்க்கட்டும்.