நமது நிருபர் இளவழகன்

குத்தாலம் பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கடை வைத்திருக்கிற எனக்கு, எழுதுகிறவர்களைவிட வாசிக்கிறவர்களைத்தான் அதிகம் தெரியும். நின்றபடியே தலைப்புகளை மேய்ந்துவிட்டுப் போகிறவர்கள், ராசிபலன் பக்கத்தைப் பிரித்துக் கசக்கிப் போட்டுவிட்டு நகர்கிறவர்கள், தேர்தல் நேரத்தில் மட்டும் பேப்பர் வாங்குகிற வெள்ளைச் சட்டைகள். எல்லோரிடமும் எரிந்து விழுவேன். அப்துல் அஜீஸ் என்றால் சிடுமூஞ்சி என்று ஊரில் பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். எழுதுகிறவர்களில் எனக்குப் பழக்கம் ஒரே ஒருவர்தான். அவரைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

இளவழகன் எங்கள் பகுதியின் நிருபர். பகுதி நேர நிருபர் என்பார்கள். நாள் முழுக்க அந்த வேலைக்கே போய்விடும். சம்பளம் மட்டும்தான் பகுதி. மயிலாடுதுறையில் பி.எஸ்சி. முடித்த கையோடு அந்த நாளிதழில் சேர்ந்தவர், தலையில் நரை விழுந்த பிறகும் அதே டி.வி.எஸ். வண்டியில், அதே ஜோல்னாப் பையோடு சுற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அனுராதா கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறார். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் கடையால்தான். அனுராதா அதைச் சொல்லிக் காட்டி நான் கேட்டதில்லை.

அவர் எழுதும் செய்தியில் அவர் பெயர் இருக்காது. "நமது நிருபர்" என்றுதான் போடுவார்கள். எத்தனை சென்டிமீட்டர் அச்சாகியிருக்கிறதோ அதற்குத் தக்கபடி பணம். அதனால் காலையில் கட்டு வந்து இறங்கியதும் பிளேடும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுவார். தன் செய்தியை அளப்பார், வெட்டுவார், வெள்ளைத் தாளில் ஒட்டி வைத்து மாதக் கடைசியில் தஞ்சாவூர் ஆபீசுக்கு அனுப்புவார். தினம் ஒரு பேப்பர் என் கடையில் சல்லடையாகிவிடும். திட்டுவேன். சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்து, கொடுத்த மனுவுக்கே இன்னொரு மனு கொடுத்து அலுத்துப்போன சனங்கள் கடைசியில் அவரிடம்தான் வருவார்கள். "பேப்பர்ல போடுங்க சார்" என்பார்கள். போடுவார். பக்கத்து கிராமத்துச் சுகாதார நிலையத்தில் செல்போன் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்ததை எழுதினார். கொஞ்ச நாளில் ஜெனரேட்டர் வந்து இறங்கியது. ஓட்டுப் போடுவது ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. நடுவில் கிடக்கிற நாட்களுக்கு எங்களுக்கு இளவழகன் இருந்தார். அவ்வளவுதான் எங்கள் ஜனநாயகம், அதுவும் ஓர் ஓட்டை வண்டியில்.

போன வருஷம் ஆனி மாதம். மேட்டூர் திறந்தாயிற்று, கடைமடை வரை தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அதிகாரிகள் அறிவித்தும் ஆயிற்று. அந்த அறிவிப்பு வந்த அன்றே பனையந்திடலிலிருந்து துரைராசு என்கிற விவசாயி இளவழகனைத் தேடிக்கொண்டு என் கடைக்கு வந்தார். பனையந்திடல் வாய்க்காலின் கடைசி ஊர். அதைத் தாண்டினால் உப்பு நிலம்தான்.

"எங்க வாய்க்கால்ல ஒரு சொட்டு வரலைங்க சார். தூர் வாரியாச்சுன்னு போர்டு மட்டும் நட்டுட்டுப் போயிட்டாங்க. நாத்து சுருளுது. இப்ப பேப்பர்ல வந்தாத்தான் மிஷினை அனுப்புவாங்க. இல்லன்னா இந்தக் குறுவை போச்சு."

இளவழகன் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வாய்க்கால் தலைப்பில் கொஞ்ச தூரம் மண்ணை வாரி இரண்டு கரையிலும் குவித்திருந்தார்களாம். அதற்கப்புறம் காட்டாமணக்கும் கோரையும். வெடித்துக் கிடந்த வாய்க்கால் நடுவே "பணி முடிவுற்றது" என்று பளபளவென்று பலகை. பலகைக்குப் பக்கத்தில் துரைராசுவை நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். எனக்குக் காட்டினார். அதற்கு மேல் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை, அப்படி ஒரு படம்.

ஆனால் இளவழகனுக்கு ஒரு வழக்கம். யாரைப் பற்றி எழுதினாலும் அவரிடமே போய் விளக்கம் கேட்காமல் எழுத மாட்டார். தூர் வாரும் வேலையை எடுத்திருந்தவர் நாகேஸ்வரன், பெரிய காண்ட்ராக்டர்.

"கண்ணால பாத்தாச்சுல்ல? எழுதிட்டுப் போங்களேன். அந்த ஆளுகிட்ட எதுக்குப் போறீங்க?" என்று கத்தினேன்.

"இல்ல பாய். அவரு பக்கத்தையும் கேட்டுட்டுத்தான் எழுதணும். நமக்குன்னு ஒரு முறை இருக்குல்ல?"

போனார். சாயங்காலம் திரும்பி வந்து, மஞ்சள் தடவிய கவர் ஒன்றை என் பேப்பர் அடுக்கின் மேல் வைத்தார். நாகேஸ்வரன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். ஆடி பிறப்பதற்குள் எல்லோருக்கும் அழைப்பு வைத்துக்கொண்டிருக்கிறார். வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தை நீட்டி, "தங்கச்சியையும் அழைச்சுக்கிட்டுக் கட்டாயம் வரணும் தம்பி" என்றிருக்கிறார். வாய்க்காலைப் பற்றிக் கேட்டதற்கு, "பாக்கச் சொல்றேன்" என்பதோடு சரி.

"விளக்கம் கேக்கப் போனேன், கல்யாணத்துக்குக் கூப்பிட்டுட்டாரு" என்று இளவழகன் சிரித்தார். பத்திரிகையாளர் கூட்டங்களில் நீட்டப்படும் பணக் கவரை ஒருநாளும் தொடாத மனுஷன். கல்யாண அழைப்பை வேண்டாமென்று யார் சொல்லுவார்கள்? இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அன்றே செய்தியையும் படத்தையும் தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாளிலிருந்து துரைராசு முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். "இன்னிக்கு வந்திருக்கா பாய்?" என்பார். பக்கம் பக்கமாகப் பார்ப்போம். இருக்காது. "நாளைக்கு வரும்ங்க" என்று இளவழகன் சொல்லுவார். துரைராசு தலையாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். நாற்று அதற்குள் பழுத்துவிட்டதென்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

செய்திக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோதான் வந்தது. நாகேஸ்வரன் ஆபீஸ் கேமராவில் பதிவானது. தாம்பாளம் தெரியவில்லை, வெற்றிலை தெரியவில்லை. இளவழகன் குனிந்து இரண்டு கையாலும் ஒரு கவரை வாங்குவது மட்டும் தெரிந்தது. "மிரட்டிப் பணம் பறிக்கும் நிருபர்" என்று கீழே எழுதியிருந்தார்கள். ஊரில் ஒரு போன் பாக்கியில்லை. பொறுக்க முடியாமல் வாய்க்கால் படத்தை இளவழகன் தானே குரூப்பில் போட்டார். அதற்குக் கீழேயும் அந்த வீடியோவைத்தான் ஒட்டினார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். நாள் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்து, "விசாரிக்கணும், அப்புறம் கூப்பிடுறோம்" என்று அனுப்பினார்கள். அனுராதாவின் கடைக்கு வழக்கமாக வரும் பத்திர எழுத்தர்கள்கூட அன்றைக்கு எதிர்க்கடைக்குப் போனார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த அழைப்பிதழை எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். செய்தி ஆசிரியர் ரவிசங்கர் என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அழைப்பிதழைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியாதா பாய்? இளவழகன் கை நீட்டுற ஆளா? அந்தப் படம் இன்னும் என் கம்ப்யூட்டர்லதான் இருக்கு."

"அப்ப போடுங்களேன் சார்!"

"நாகேஸ்வரன் விளம்பரம் நின்னா இந்தப் பதிப்பையே மூடச் சொல்லிடுவாங்க பாய். எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க." டீ கிளாசை நகர்த்தி வைத்துவிட்டு, "அவர வேற எதாவது தொழில் பாக்கச் சொல்லுங்க" என்றார். நல்ல மனுஷன்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தேன். முதல் பக்கம் முழுக்க விளம்பரம். கடைமடைக்குத் தண்ணீர் கொண்டு சேர்த்தவர்களுக்கு நன்றி தெரிவித்து, கும்பிட்ட கையோடு நாகேஸ்வரன் நின்றிருந்தார். உள்ளே, கண்ணீர் அஞ்சலி விளம்பரங்கள் வரும் பக்கத்தில், கறுப்புக் கட்டத்துக்குள் இளவழகன் படம். அடையாள அட்டைக்காகக் கொடுத்திருந்த பழைய போட்டோ, முடியெல்லாம் கறுப்பாக. "படத்தில் காணப்படும் குத்தாலம் இளவழகன் என்பவருக்கும் நமது நாளிதழுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. செய்தி, விளம்பரம் சம்பந்தமாக அவரை அணுகுவோருக்கு நிர்வாகம் பொறுப்பல்ல."

பேப்பரை எங்காவது ஒளித்து வைக்கலாமா என்று நினைப்பதற்குள் வந்துவிட்டார், அதே பையோடு. "எம் பேரு வந்திருக்காமே பாய்" என்றார். அவரே பக்கத்தைத் தேடி எடுத்தார். ஸ்கேலை வைத்து அளந்தார். கை அதுபாட்டுக்குப் பழக்கத்தில் செய்தது.

"படத்தோட எனக்கு இவ்வளவு பெரிசா எப்பவும் வந்ததில்ல" என்றார்.

பிளேடை எடுத்தவர் வெட்டவில்லை. பிளேடைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டார். சத்தம் இல்லாமல் அழுதார். பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் நடமாட, ஐம்பது வயதை நெருங்கும் ஓர் ஆண் அழுவதை நான் பேப்பரை விரித்து மறைத்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய எனக்குத் துப்பு இருந்தது?

அப்புறம் ஸ்டேஷனில் அவரைக் கூப்பிட்டு, இனி நிருபர் என்று எங்கும் சொல்லிக்கொள்ள மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு கேஸ் போடாமல் விட்டார்கள். அந்த வருஷம் பனையந்திடலில் குறுவை இல்லை. அதுவும் எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

இந்த வருஷமும் ஆனி வந்தது. "கடைமடையை எட்டியது காவிரி: விவசாயிகள் மகிழ்ச்சி" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. நமது நிருபர் என்று போட்டிருந்தது. யார் என்று எனக்குத் தெரியாது. என் கடைக்கு யாரும் ஸ்கேலோடு வருவதில்லை. இளவழகன் அன்றைக்கு மயிலாடுதுறைக்குப் பேப்பர் ரீம் வாங்கப் போக பஸ்ஸுக்கு நின்றிருந்தார். அனுராதாவின் கடையில் இப்போது அவர்தான் ஜெராக்ஸ் எடுக்கிறார். துரைராசு பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அவரிடம் போனார்.

"இந்தத் தடவையும் தண்ணி வரலைங்க சார். நீங்க ஒரு வார்த்தை எழுதினா..."

"நான் நிருபர் இல்லைங்களே. பேப்பர்லயே போட்டுட்டாங்களே, பாக்கலையா?" என்றார் இளவழகன், கோபமே இல்லாமல்.

துரைராசு என் கடைக்கு வந்து, தொங்கிக்கொண்டிருந்த அந்தத் தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தார். காலையில்தான் வறண்ட வாய்க்காலைத் தாண்டி நடந்து வந்து பஸ் ஏறிய மனுஷன். செருப்பில் அந்தப் புழுதி அப்படியே இருந்தது.

"வந்திருக்கும் போல பாய்" என்றார். "பேப்பர்ல போட்டிருக்காங்களே. நாங்கதான் சரியாப் பாக்கல போல."